இழையைக் கூட்டினால் பலம் கூடுமா?

கேள்வி: பாலியெஸ்டர் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) கண்ணாடி இழை மேட்டும் (இழை விரிப்பு) கொண்டு கையாலேயே தகடுகள் செய்கிறேன். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை 4 அடுக்காக வைத்து, 30 செ.மீ. சதுரத்தில் ஒரு தகடு செய்தேன். எடை 540 கிராம், தடிமன் 4.3 மி.மீ. இன்னும் பலமாக இருக்கட்டும் என்று அடுத்த தகட்டில் அதே அளவு ரெசினுக்கு 6 அடுக்கு வைத்தேன். எடை 620 கிராம், தடிமன் 5 மி.மீ. வளைத்துப் பார்த்தபோது அது ஓரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டது. இழை கூடினால் பலமும் கூட வேண்டும் அல்லவா?

பதில்: எடையையும் தடிமனையும் குறித்து வைத்தீர்களே, அதுவே பெரிய உதவி. தகடு ஏன் பிரிந்தது என்பதை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

இரண்டாவது தகட்டை எடுத்துக்கொள்வோம். 6 அடுக்கு மேட்டின் எடை 243 கிராம். மீதி 377 கிராம் ரெசின். கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.55 கிராம், இறுகிய பாலியெஸ்டரின் அடர்த்தி 1.2 கிராம். அப்படியானால் கண்ணாடி 95 கன செ.மீ., ரெசின் 314 கன செ.மீ., மொத்தம் 409. ஆனால் உங்கள் தகடு அடைத்திருக்கும் இடமோ 450 கன செ.மீ. மிச்சமுள்ள 41 கன செ.மீ. முழுவதும் காற்று. அதாவது தகட்டில் 9 சதவீதம் வெற்றிடம்! முதல் தகட்டுக்கும் இதே கணக்கைப் போட்டால் வெற்றிடம் 2 சதவீதம்தான் வருகிறது. கையால் செய்த தகட்டுக்கு அது நல்ல வேலை.

பலம் இழையிடம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் ஓர் இழையிலிருந்து அடுத்த இழைக்குச் சுமையைக் கடத்துவது ரெசின். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பாக இருப்பதும் பெரும்பாலும் ரெசின் மட்டுமே. அங்கே காற்று புகுந்தால் முதலில் அடி வாங்குவது அடுக்கிடைப் பிடிப்புதான். வெற்றிடம் ஒவ்வொரு சதவீதம் கூடும்போதும் அந்தப் பிடிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும் என்பது, முதல் சில சதவீதங்களுக்கு, இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் தகடு ஓரத்தில் பிரிந்ததற்குக் காரணம் இதுவே. இழை கூடியது குற்றமில்லை. நனையாத இழை கூடியதுதான் குற்றம்.

ஆகவே எவ்வளவு இழை வைக்கலாம் என்பதை இழையின் வடிவமும் செய்யும் முறையும் தீர்மானிக்கின்றன. வெட்டிய இழைகளாலான மேட்டில் இழைகள் தாறுமாறாகக் கிடப்பதால் நெருங்கிப் படியாது. கை ரோலரால் அழுத்தும்போது கண்ணாடியின் எடையைப்போல் 2 முதல் 2.5 மடங்கு ரெசின் தேவைப்படும். நீங்கள் கொடுத்தது 1.55 மடங்கு. ரோவிங் எனப்படும் இழைக் கற்றைகளால் நெய்த துணிக்கு ஏறக்குறைய சம எடை ரெசின் போதும். வெற்றிடப் பம்பு கொண்டு ரெசினை உறிஞ்சவிடும் முறையில், நல்ல துணியாக இருந்தால், கன அளவில் பாதிக்கு மேலேயே இழை வைக்க முடியும். விமான பாகங்களுக்காக அழுத்தக் கலனில் இறுக்கப்படும் தகடுகளில் அது 60 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இழைகளை அறுகோண ஒழுங்கில் அடுக்கினால் 90.7 சதவீதம் வரை போகலாம் என்று வடிவியல் சொல்கிறது. நடைமுறையில் 70 சதவீதத்தை நெருங்கும்போதே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரெசினுக்கு வழிவிடுவதில்லை.

சதவீதம் என்று எங்கே படித்தாலும் அது எடையிலா கன அளவிலா என்று பாருங்கள். எடையில் 30 சதவீதக் கண்ணாடி என்பது கன அளவில் 17 சதவீதம்தான். விறைப்பும் வலிமையும் கன அளவைப் பின்பற்றியே போகும்.

அளவைவிட திசை முக்கியம் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடி இழையின் விறைப்பு ஏறத்தாழ 72 கிகா பாஸ்கல், ரெசினுடையது 3 சொச்சம். எல்லா இழையும் ஒரே திசையில் இருந்தால், அந்தத் திசையில் இழையின் விறைப்பு முழுதாகக் கணக்கில் சேரும். மேட்டில் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடப்பதால் ஒவ்வொரு திசைக்கும் எட்டில் மூன்று பங்குதான் கிடைக்கும். உங்கள் முதல் தகட்டின் விறைப்பு 7.3 கிகா பாஸ்கல் அளவில் இருக்கும். இரண்டாவது தகடு துளி காற்றும் இல்லாமல் அமைந்திருந்தாலும் 8.7-ஐத் தாண்டியிருக்காது. அவ்வளவு பாடுபட்டும் 20 சதவீதமே லாபம். கன அளவில் பாதி இழையை ஒரே திசையில் வைத்தால், அத்திசையில் 37 வரை போகலாம். குறுக்குவாட்டில் மட்டும் அது பலவீனமாகவே இருக்கும்.

உங்கள் தேவை வளையாத தகடு என்றால் இதைவிட எளிய வழி உண்டு. வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். அதே 6 அடுக்குக்கு 570 கிராம் ரெசின் கிடைக்கும்படி செய்திருந்தால் தடிமன் 6.4 மி.மீ. வந்து, முதல் தகட்டைப்போல் 3 மடங்குக்கும் அதிகமான விறைப்பு கிடைத்திருக்கும். எடை கூடும் என்பது மட்டுமே இதில் இழப்பு.

அடுத்த முறை மூன்று அடுக்கு வைத்து, வெள்ளைத் திட்டுகள் மறையும்வரை ரோலர் ஓட்டி, அது ஜெல் ஆகிச் சூடு தணிந்ததும் மீதி மூன்றை வையுங்கள். ஒரேயடியாகத் தடித்த அடுக்கு போட்டால் ரெசின் தன் சூட்டிலேயே விரிசல் விடக்கூடும். எடை கூடக் கூடாது என்றால் நடுவில் ரோவிங் துணி சேருங்கள். ஆனால் துணிமேல் துணி நேராக வைக்காமல் இடையில் ஓர் அடுக்கு மேட் கொடுங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும்.

இழையைக் குறைப்பதே சரியான இடமும் உண்டு. ரசாயனத் தொட்டியின் உட்புறத் தோலில், மெல்லிய இழைத் திரையோடு 90 சதவீதம் ரெசினே இருக்கும்படி செய்வார்கள். அரிக்கும் திரவம் இழையைத் தொடாமல் காப்பது அந்த ரெசின்தான்.

செய்த தகட்டில் இழை எவ்வளவு என்று உறுதிசெய்ய, சிறு துண்டு ஒன்றை எடைபோட்டு, புகைபோக்கி உள்ள ஆய்வக உலையில் 565 டிகிரி செல்சியஸ் அளவில் எரியுங்கள். ரெசின் எரிந்து கண்ணாடி மிஞ்சும். அதை மீண்டும் எடைபோடுங்கள். ரெசினில் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பி கலந்திருந்தால் அதுவும் கண்ணாடியோடு தங்கிக் கணக்கைக் கெடுக்கும். கார்பன் இழைக்கு இந்த முறை ஆகாது, உலைக் காற்றில் இழையே எரியத் தொடங்கிவிடும்.