கல்லூரி மாறினால் எம்.எஸ்சி. கிடைக்காதா?

அன்புள்ள ஐயா,

என் மகன் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறான். அடுத்த வருஷம் பாளையங்கோட்டையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரிக்கு மாறப்போகிறேன் என்கிறான். அங்கே லேப் நன்றாக இருக்கிறதாம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அப்புறம் முடிந்தால் வெளிநாடு என்பது அவன் ஆசை. நடுவில் மாறினவனை நல்ல இடத்தில் எடுக்க மாட்டார்கள் என்று அவன் சித்தப்பா பயமுறுத்துகிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள அம்மா,

சித்தப்பா சொல்கிற பயம் வேண்டாம். ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் வாங்கும் ரேங்க்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. எத்தனை கல்லூரியில் படித்தாய் என்று அந்தத் தாள் கேட்பதில்லை. இரண்டு கல்லூரியும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்றால் பட்டமும் அதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. தன்னாட்சிக் கல்லூரிக்குப் பாடத்திட்டம் தனி. என்னிடம் ஒரு பையன் இப்படித்தான் மாறி வந்தான். பழைய கல்லூரியில் முதல் வருஷம் அலைடு (துணைப்பாடம்) வேதியியல், இரண்டாம் வருஷம் அலைடு கணிதம். புதிய இடத்தில் அது தலைகீழ். சேர்ந்த அன்று யாரும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஏற்கெனவே பாஸான வேதியியல் வகுப்பிலேயே மறுபடி உட்கார்ந்திருந்தான். கணிதம் இரண்டு தாளும் கையில் இல்லை. இயற்பியல் எம்.எஸ்சி.க்கு பி.எஸ்சி.யில் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. ஆசிரியர்கள் அறையில் இரண்டு சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு தாளாக டிக் போட்டுக்கொண்டே வந்தோம். கணிதத்துக்கு நேரே வந்ததும் அவன் கை நின்றுவிட்டது. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. விட்டுப்போன தாள்களை ஐந்தாம் செமஸ்டரில், நடக்கிற பாடத்தோடு சேர்த்து எழுதினான். எந்த மாணவனுக்கும் அது வரக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அப்படிப் பின்னால் எழுதும் தாளின் மார்க் ஷீட்டில் தேதியும் பிந்தியே இருக்கும். பார்ப்பவருக்கு அது அரியர் மாதிரிதான் தெரியும். கல்லூரி மாறியதால் எழுதிய தாள், தோற்று எழுதியது அல்ல என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒரு கடிதம் அப்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போய்க் கேட்டால் அந்த ஃபைலைத் தேடுவதே பெரும்பாடு.

வெளிநாடு என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் படித்த எல்லாக் கல்லூரி மதிப்பெண்களையும் கேட்கும். ஒன்றை மறைக்கக் கூடாது. பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். அங்கேதான் மாறினவனுக்கு உண்மையான நஷ்டம். 'என் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான்' என்பதை யாரும் எழுதித் தருவார்கள். 'ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளவு சரியாக வரவில்லை என்று சாயங்காலம் வரை நின்று மறுபடி எடுத்தான்' என்று எழுத, அவனைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் வேண்டும். அதனால் மாறுவதென்றால் இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே மாறட்டும், இரண்டு வருஷம் முழுசாகக் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் மாறுகிறேன் என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய கல்லூரி ஆசிரியர்களிடமும் மனக்கசப்பில்லாமல் சொல்லிவிட்டு வரட்டும். அவர்களிடமும் கடிதம் கேட்க வேண்டி வரும்.

லேப் நன்றாக இருக்கிறது என்கிறானே, போய்ப் பார்த்தானா? ஒருநாள் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி வந்து, அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற பையன்களிடம் பேசட்டும். கருவியைக் கையில் கொடுக்கிறார்களா, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: இரண்டு கல்லூரியின் சிலபஸையும் தம்பியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கணிதம் எந்த செமஸ்டரில் வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அதுவரை டி.சி.க்கு எழுதிக் கொடுக்க வேண்டாம்.