ஆலோசகர் புத்தி சொல்லவில்லையே என்று கவலைப்படாதீர்கள்

கேள்வி: குடியை விடுவதற்காக என் கணவர் ஆலோசகரிடம் மூன்று முறை போய்வந்துவிட்டார். அவர் புத்தியே சொல்வதில்லையாம். இவரைத்தான் பேச விடுகிறாராம். வேறு இடம் பார்க்கட்டுமா?

பதில்: வேண்டாம் சகோதரி. "குடிக்காதே" என்று அடுத்தவர் சொன்னால், குடிப்பதற்குச் சமாதானம் தேடுவதே உங்கள் கணவரின் வேலையாகிவிடும். விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது.

"விடணும்தான், ஆனா தூக்கம் வராதே" என்பார். "தூக்கம் போயிடுமோன்னு பயம் இருக்கு, இருந்தாலும் விடணும்னு தோணுது" என்று ஆலோசகர் திருப்பிச் சொல்வார். சொல் அவருடையதே, வரிசை மட்டும் மாறியிருக்கிறது. பேச்சு எதில் முடிகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் கணவர் மேலே பேசுவார். விட முடியும் என்ற நம்பிக்கைக்குப் பத்துக்கு 4 மார்க் போட்டால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்கக் கூடாது, முடியாததையெல்லாம் அடுக்குவார். "2 போடாமல் 4 போட்டீர்களே, எதனால்?" என்றால் தன் பலத்தைச் சொல்வார்.

"விடணும்" என்பது ஆசை. "சனிக்கிழமை அந்தப் பக்கம் போக மாட்டேன்" என்பது உறுதி. அது வரும்போது "இதைத்தானே நான் சொன்னேன்" என்று குறுக்கே விழாதீர்கள். "எப்படிச் சமாளிப்பீங்க?" என்று மட்டும் கேளுங்கள்.

வேறு சில இடங்களில் முதல் நாளே உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அச்சடித்த வாசகம் எப்படி அவர் சொல்லாகும்? 15 நிமிடத்தில் படிவத்தை நிரப்பி அடுத்த ஆளைக் கூப்பிட்டால் யார் பேச்சு யார் காதில் விழும்? 'நூறு சதவீதம் உத்தரவாதம்' என்று ஆள் பிடிக்கும் தரகரை அண்டவே விடாதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்தும் கூடவே கூடாது. அதில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஒன்றில் மட்டும் பேச்சை நம்பி இருக்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரியலாம். அவரே "நாளைக்கே நிறுத்தறேன்" என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் வீட்டில் முயலவே வேண்டாம், மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். வலிப்போ குழப்பமோ வந்தால் நேரே அவசரப் பிரிவு. கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போங்கள்.