விளையாட்டுக் காணொளிக்குப் பதிப்புரிமைக் கோரல் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: நானே விளையாடிப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றிய காணொளிக்கு, பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியிருக்கிறது. அதில் ஒலிப்பது விளையாட்டின் பின்னணி இசை மட்டுமே. மறுத்தால் சேனல் முடக்கப்படுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: உங்களுக்கு வந்திருப்பது ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் குற்றப்புள்ளி அன்று, 2007 முதல் இயங்கிவரும் கன்டென்ட் ஐடி என்னும் தானியங்கி முறை எழுப்பிய உரிமைகோரல். இதனால் அந்தக் காணொளியின் விளம்பர வருமானம் கோரியவருக்குப் போகலாம், அல்லது காணொளி தடுக்கப்படலாம். சேனலின் மீது குற்றப்புள்ளி விழாது.

உரிமையாளர்கள் கொடுத்த மாதிரிக் கோப்புகளோடு ஒலியையும் காட்சியையும் ஒப்பிடுவது மட்டுமே அந்த முறையின் வேலை என்பதால், விளையாட்டு நிறுவனம் உங்களுக்குக் காணொளி வெளியிட அனுமதி தந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இசையமைப்பாளர் அதே இசையைத் தனித் தொகுப்பாக ஒரு விநியோக நிறுவனத்தின் வழியே வெளியிட்டிருந்தால், அந்த நிறுவனத்தின் பெயரில் கோரல் வந்து நிற்கும். பலரும் வாங்கிப் பயன்படுத்தும் ஆயத்த ஒலித்துணுக்கு ஒன்றை வேறொருவர் தம் பாடலில் சேர்த்து, அதை முழுதும் தமதெனப் பதிந்துவிடுவதும் உண்டு. 2013 டிசம்பரில் விளையாட்டுக் காணொளிகளின் மீது இத்தகைய கோரல்கள் அலையலையாக வந்தபோது, கேப்காம், பிளிசார்ட் போன்ற விளையாட்டு நிறுவனங்களே அவற்றை மறுக்கும்படி காணொளியாளர்களிடம் கூறின.

முதலில் யூடியூப் ஸ்டுடியோவில் எந்த நிமிடத்திலிருந்து எதுவரை, யார், எந்தப் படைப்புக்காகக் கோருகிறார் என்று பாருங்கள். பிறகு விளையாட்டு நிறுவனத்தின் காணொளிக் கொள்கையை வாசியுங்கள். வருமானம் ஈட்டவும் அது இடம் தருகிறதென்றால், அந்த வரிகளையும் இணைப்பையும் குறிப்பிட்டு மறுப்பை எழுதுங்கள். ‘நியாயமான பயன்பாடு’ (அனுமதியின்றியும் சில பயன்பாடுகளுக்கு இடம்தரும் சட்ட விலக்கு) என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எடுபடாது. கோரல் வந்த 5 நாட்களுக்குள் மறுத்தால், முதல் நாளிலிருந்து வரும் வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்திவைக்கப்படும். அதன்பின் மறுத்தால், மறுத்த நாளிலிருந்துதான். கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் பதில் வராவிட்டால் கோரல் தானே விலகும்.

ஆனால் விளையாட்டுக்குள் வானொலியிலோ காட்சியிலோ ஒலிப்பது உரிமம் பெற்றுச் சேர்க்கப்பட்ட பிரபலப் பாடலாக இருந்தால், விளையாட்டு நிறுவனத்தின் அனுமதி பெரும்பாலும் அதைத் தொடாது. அங்கே மறுப்பதைவிட அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் நீக்குவதே அறிவுடைமை. அடுத்த பதிவுக்கு, விளையாட்டின் அமைப்புகளில் உரிமம் பெற்ற இசையை அணைக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

மறுப்பு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பதிலளிக்கக் கோரியவருக்கு 7 நாட்களே உண்டு. நீங்கள் அஞ்சும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது: மேல்முறையீட்டை ஏற்க மறுப்பவர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பலாம்; அது செல்லுபடியானால் ஸ்ட்ரைக் விழும்; 90 நாட்களில் மூன்று விழுந்தால் சேனல் முடக்கப்படலாம். ஆகவே எழுத்துமூலமான அனுமதி கையில் இருந்தால் மட்டும் மேல்முறையீட்டுக்குச் செல்லுங்கள்.