ஓவல் வைரம்: ஆழ விழுக்காடு ஏன் பொருந்தவில்லை?

வைரங்களைத் தரம் பார்க்கும் ஜிஐஏ நிறுவனத்தின் அறிக்கையில் 8.50 × 6.00 × 3.72 மி.மீ. (நீளம் × அகலம் × ஆழம்), ஆழம் 62.0% என்றிருக்க, உங்கள் கணக்கில் 51.3% வருவதாகக் கேட்டிருந்தீர்கள். அறிக்கையில் பிழை இல்லை, பயப்படாதீர்கள். நீளத்தையும் அகலத்தையும் சராசரியாக்கி வகுத்திருக்கிறீர்கள். அது வட்டக் கல்லுக்கான வழி. ஓவல், பேரி போன்ற வடிவங்களுக்கு அகலத்தால் மட்டுமே வகுப்பார்கள்: 3.72-ஐ 6.00-ஆல் வகுத்தால் சரியாக 62. டேபிள் (கல்லின் உச்சியிலுள்ள தட்டையான முகம்) விழுக்காடும் அகலத்தை வைத்துத்தான். ஆகவே கல் ஒடுங்க ஒடுங்க, ஆழம் மாறாமலே எண் ஏறும். வட்டக் கல்லின் எண்ணோடு இதை ஒப்பிடவே கூடாது.

நீள அகல விகிதம் 1.42; எனக்குப் பிடித்த வடிவம்! ஆனால் நடுவில் கறுப்பாக விழும் 'போ டை' நிழலை இந்த எண்கள் சொல்லமாட்டா. பணம் கட்டுமுன் கடை விளக்கிலிருந்து விலகி, சன்னல் வெளிச்சத்தில் மெல்ல அசைத்துப் பாருங்கள்.