கான்ரெயிலைக் காப்பாற்றியது யார்?

அன்புள்ள ஐயாவுக்கு,

சரக்கு ரயில்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நாங்கள் நியூஜெர்சியில் மெட்டச்சன் ஊரில் குடியிருக்கிறோம். வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கூட்ஸ் பாதை. சாயங்காலம் மகனை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். ஒரே தண்டவாளத்தில் ஒரு நாள் நார்ஃபோக் சதர்ன் கம்பெனியின் கருப்பு எஞ்சின் வருகிறது, மறுநாள் சிஎஸ்எக்ஸ் கம்பெனியின் நீலமும் மஞ்சளுமான எஞ்சின் வருகிறது. நடுவில் பழைய வேகன் ஏதாவது ஒன்றில் ‘கான்ரெயில்’ என்ற எழுத்து மங்கிப்போய்த் தெரிகிறது. வடகிழக்கு அமெரிக்காவில் சரக்கு ரயில் ஓட்டிய அந்தக் கம்பெனியை இந்த இரண்டு கம்பெனிகளும் 1999இலேயே பிரித்துக்கொண்டன என்று படித்தேன். “அப்படியென்றால் இது யாருடைய தண்டவாளம்?” என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அலுவலக நண்பர் ஒருவரிடம் கேட்டேன். “அரசாங்கம் நடத்தியது, நஷ்டத்தில் மூழ்கியது. தனியாருக்கு விற்றார்கள், லாபம் கொட்டியது. அவ்வளவுதான் கான்ரெயில்” என்றார். உண்மையிலேயே அவ்வளவுதானா?

எஸ்., மெட்டச்சன்

அன்புள்ள எஸ்.,

மகனுடைய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் நண்பர் சொன்னது. அதில் நாள்கணக்கே இடிக்கிறது. கான்ரெயில் முதன்முதலில் லாபம் காட்டியது 1981இல். அரசு அதை விற்றது 1987 மார்ச்சில். இடையில் இருக்கும் ஆறு வருடமும் அது அரசுக் கம்பெனியாக இருந்தபடியேதான் சம்பாதித்தது. 1981இல் 3.9 கோடி டாலர், 1984இல் சுமார் 50 கோடி டாலர். லாபம் வந்த பிறகுதான் விற்றார்கள், விற்றதால் வந்த லாபம் இல்லை அது.

நஷ்டத்தை எடுத்துக்கொண்டாலும் அது அரசு உண்டாக்கிய நஷ்டமாக இருக்கவில்லை. தனியார் கைகளில் பல வருடமாகச் சேர்ந்த நஷ்டம் அது. அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1846இல் தொடங்கிய பென்சில்வேனியா ரயில்ரோடு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. நூறு வருடத்துக்கு மேல் ஒரு வருடம்கூட விடாமல் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்தது. அதற்குப் பரம்பரைப் போட்டியாளர் வாண்டர்பில்ட் குடும்பம் வளர்த்த நியூயார்க் சென்ட்ரல். இரண்டும் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் நடுவே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு ஓடியவை. 1950களில் இரண்டுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 1956இல் தேசிய நெடுஞ்சாலைத் திட்டம் வந்து லாரிகளுக்கு வழி திறந்தது. பென்சில்வேனியாவின் நிலக்கரியை எரித்துக் குளிர்காய்ந்த வீடுகள் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறிவிட்டன. வடகிழக்கில் ரயில் போகும் தூரமும் குறைவு. தூரம் குறைவாக இருந்தால் யார்டில் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் செலவே வருமானத்தைத் தின்றுவிடும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொரு பூட்டு இருந்தது. சரக்குக் கட்டணத்தைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும், ஆள் ஏறாத பயணி ரயிலை நிறுத்துவதற்கும், சரக்கே வராத கிளைப்பாதையை மூடுவதற்கும், 1887இலிருந்து இருந்துவந்த மாநிலங்களிடை வணிக ஆணையம் என்ற அரசு அமைப்பு தலையாட்ட வேண்டும். அது தலையாட்டுவதற்கு வருடக்கணக்கில் ஆகும். ரயில் கம்பெனிகள் ஏகபோகமாக இருந்த காலத்தில் விவசாயிகளையும் சிறு வியாபாரிகளையும் காக்க எழுதிய விதிகள் அவை. அன்று அவை நியாயமானவை என்றே நினைக்கிறேன். லாரி வந்து ஏகபோகம் உடைந்த பிறகும் விதி அப்படியே கிடந்ததுதான் தவறு.

இரண்டு போட்டியாளர்களும் சேர்ந்தால் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டு 1968 பிப்ரவரி 1 அன்று இணைந்தார்கள். பென் சென்ட்ரல் பிறந்தது. அன்றைக்கு அது அமெரிக்காவின் ஆறாவது பெரிய கம்பெனி. இரண்டு வருடம் நாலரை மாதம் கழித்து, 1970 ஜூன் 21, ஒரு ஞாயிற்றுக்கிழமை, திவால் மனு போட்டது. அதுவரை அமெரிக்கா கண்டதிலேயே மிகப் பெரிய திவால் அதுதான்.

இந்த இரண்டரை வருடத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. இணைப்பைப் பத்து வருடம் பேசினார்கள், ஆனால் மறுநாள் காலையில் வேகனை யார் எங்கே அனுப்புவது என்று திட்டமிடவில்லை. இரண்டு கம்பெனிகளின் கணினிகளும் ஒன்றுக்கொன்று பேசவில்லை. சரக்குச் சீட்டு ஒரு பக்கம் போகும், வேகன் இன்னொரு பக்கம் போகும். மெய்ன் மாநிலத்து உருளைக்கிழங்கு யார்டுகளில் சிக்கி வீணானது. விவசாயிகள் வெறுத்துப்போய் லாரிக்கு மாறினார்கள், திரும்பவேயில்லை. மேலே, தலைவர் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் பென்சில்வேனியா பக்கத்து ஆள், ரயில் நடத்தும் பொறுப்பில் இருந்த ஆல்ஃப்ரட் பெர்ல்மன் நியூயார்க் சென்ட்ரல் பக்கத்து ஆள். கீழே இருந்தவர்கள் பழைய கம்பெனிகளின் வண்ணத்தை வைத்து சிவப்புக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து நின்றார்கள். நிதிப் பொறுப்பாளர் டேவிட் பெவன் எண்ணெய்க் குழாய்க் கம்பெனி, நிலம் என்று முதலீடு செய்துகொண்டிருந்தார். ரயிலில் பணம் கரையும்போதே ஈவுத்தொகையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, ஏற்கெனவே திவாலான நியூ ஹேவன் ரயில்ரோடையும் ஏற்க வேண்டும் என்று ஆணையம் நிபந்தனை போட்டிருந்தது. முழுகுகிறவன் முதுகில் இன்னொருவனை ஏற்றிவிட்ட கதை.

சரி, திவாலானால் விற்றுப் பிரித்துக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட வேண்டியதுதானே? சாதாரணக் கம்பெனி என்றால் அதுதான் நடந்திருக்கும். ஆனால் பென் சென்ட்ரல் ஓடாவிட்டால் உருக்காலைகள், கார் தொழிற்சாலைகள், மின்நிலையங்கள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். அது மட்டுமில்லை. உங்கள் மெட்டச்சன் பாதையைப் போட்ட லீஹை வேலி, ரெடிங், நியூஜெர்சி சென்ட்ரல் ஆகியவையும் திவாலில் இருந்தன. 1972 ஜூனில் வந்த ஆக்னஸ் புயல் வெள்ளம் பாதைகளை அடித்துக்கொண்டு போனதில் எரி லாக்கவானாவும் அந்த வரிசையில் சேர்ந்தது. வடகிழக்கு முழுவதுக்கும் ஒரே நோய்.

1974 ஜனவரி 2 அன்று ஜனாதிபதி நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் இதற்கான வழியைப் போட்டது. எந்தப் பாதையை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு தனி அமைப்பை உருவாக்கினார்கள். 1976 ஏப்ரல் 1 அன்று ஆறு திவால் கம்பெனிகளின் பாதைகளைச் சேர்த்துக்கொண்டு கான்ரெயில் ஓட ஆரம்பித்தது. சுமார் 17,000 மைல் வழித்தடம், ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஊழியர்கள். நண்பர் சொல்லும் நஷ்டம் இந்தக் கட்டத்தில் உண்மைதான். ஆரம்ப வருடங்களில் நாளொன்றுக்குச் சுமார் பத்து லட்சம் டாலர் போய்க்கொண்டிருந்தது. வரிப்பணம் மொத்தத்தில் 700 கோடி டாலர் அளவுக்கு உள்ளே போனது. அந்தப் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். மக்கிப்போன ஸ்லீப்பர் கட்டைகளை மாற்றவும், புதுத் தண்டவாளம் போடவும், எஞ்சின்களையும் வேகன்களையும் பழுதுபார்க்கவும் போனது. நின்றுகொண்டிருந்த வேகன் தானாகத் தடம் புரளும் நிலையில் பென் சென்ட்ரல் பாதைகளை விட்டுப்போயிருந்தது. பராமரிப்பைத் தள்ளிப்போட்டுத் தனியார் கம்பெனி மிச்சம் பிடித்த பணத்தைத்தான் பின்னால் அரசு கட்டியது.

ஆனால் பணம் மட்டும் போட்டால் நோய் தீரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1980 வரை நஷ்டம் நிற்கவில்லை. ஆணையத்தின் அந்தப் பூட்டு அப்படியே இருந்ததே. அதைத் திறந்தது 1980 அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட ஸ்டாகர்ஸ் சட்டம். வாடிக்கையாளரோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் பேசிக்கொள்ள அதில்தான் வழி வந்தது. அடுத்த வருடம் இன்னொரு சட்டம், கான்ரெயில் பாதைகளைச் சீக்கிரம் மூடவும், நகரத்துக்குப் போய்வரும் பயணி ரயில்களைக் கைமாற்றவும் இடம் கொடுத்தது. 1983 ஜனவரி 1 முதல் அந்த ரயில்கள் நியூஜெர்சி டிரான்சிட், மெட்ரோ நார்த் போன்ற பொது அமைப்புகளிடம் போயின. நீங்கள் மன்ஹாட்டனுக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், நீங்கள் ஏறும் ரயில் அந்தப் பிரிவினையில் வந்தது.

இந்தத் திறப்பைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளாக ஸ்டான்லி கிரேன் 1981இல் வந்து சேர்ந்தார். பொறியாளர். சதர்ன் ரயில்வேயின் தலைவராக இருந்து ஓய்வு வயது வந்து விலகியவர். 4,400 மைல் பாதையை வெட்டினார். அந்தப் பாதைகளில் ஓடிய சரக்கு மொத்தத்தில் ஒரு சதவீதம்தான். ஊழியர்கள் தங்கள் சம்பளத்தை நாட்டின் மற்ற ரயில் ஊழியர்களுடைய சம்பளத்தைவிடக் குறைவாக வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். பத்து வருடத்தில் ஆள்கணக்கு பாதிக்கும் கீழே வந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கிரேனின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வேலை இழந்த பாதிப் பேரும், குறைந்த கூலியில் ஓட்டியவர்களும், ஒரே ரயில் பாதையை இழந்த சிற்றூர்களும் கொடுத்த விலை அதில் வருவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. கடைசியில் பங்குகளில் 15 சதவீதம் ஊழியர்களுக்கு என்று ஒதுக்கினார்கள். அது நியாயமான காரியம்.

விற்பனைக்கு வந்தபோது போக்குவரத்து அமைச்சர் எலிசபெத் டோல், 1985இல் நார்ஃபோக் சதர்னுக்கே 120 கோடி டாலருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். கிரேன் எதிர்த்தார். நாடாளுமன்றத்திலும் எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் 1987 மார்ச் 26 அன்று பங்கு ஒன்று 28 டாலருக்குப் பொதுமக்களிடமே வெளியிட்டார்கள். அதுவரை அமெரிக்காவில் நடந்த முதல் பங்கு வெளியீடுகளில் அதுதான் மிகப் பெரியது. கான்ரெயில் ரொக்கமாகக் கொடுத்ததையும் சேர்த்து அரசுக்குச் சுமார் 190 கோடி டாலர் வந்தது. போட்ட 700 கோடியோடு ஒப்பிட்டால் இது நஷ்டம்தானே என்று கேட்பீர்கள். வரவு செலவுப் புத்தகத்தில் நஷ்டம்தான். ஆனால் வடகிழக்கின் தொழில்கள் நின்றுபோகாமல் பதினோரு வருடம் ஓடியது எந்தப் புத்தகத்திலும் வரவாக எழுதப்படவில்லை.

ஆகவே நண்பரிடம் இப்படிச் சொல்லுங்கள்: பொதுப்பணம் இல்லாமல் பாதை மிஞ்சியிருக்காது, விதி மாறாமல் லாபம் வந்திருக்காது, ஊழியர்கள் விட்டுக்கொடுக்காமல் அந்த இரண்டும் போதுமானதாக இருந்திருக்காது. அவர் ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை.

இனி மகனுடைய கேள்வி. 1996 அக்டோபரில் சிஎஸ்எக்ஸ், கான்ரெயிலை வாங்கப்போவதாக அறிவித்தது. பதினோரு வருடம் முன்னால் கைநழுவவிட்ட நார்ஃபோக் சதர்ன் ஒரே வாரத்தில் அதிக விலை சொன்னது. ஏலம் ஏறி ஏறிப் பங்கு ஒன்றுக்கு 115 டாலரில் நின்றது. கடைசியில் இரண்டும் சேர்ந்தே சுமார் 1,020 கோடி டாலருக்கு வாங்கி, நார்ஃபோக் சதர்னுக்கு 58, சிஎஸ்எக்ஸுக்கு 42 என்று பங்கு போட்டுக்கொண்டன. 1999 ஜூன் 1 அன்று பாதைகள் கைமாறின.

மூன்று இடங்களைப் பிரிக்க வேண்டாம் என்று விட்டுவைத்தார்கள். வடக்கு நியூஜெர்சி, தெற்கு நியூஜெர்சியோடு ஃபிலடெல்ஃபியா, அப்புறம் டெட்ராய்ட். துறைமுகமும் தொழிற்சாலையும் நெருங்கிக் கிடக்கும் இடங்கள் அவை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு வழி அடைபடும். அங்கே மட்டும் கான்ரெயில் இன்றும் உயிரோடு இருந்து இரண்டு முதலாளிகளுக்கும் பொதுவாக வேலைசெய்கிறது. உங்கள் மெட்டச்சன் பாதை அதில் அடக்கம். லீஹை வேலி போட்டது, கான்ரெயிலுடையது, இருவரும் ஓட்டுவது. அதனால்தான் ஒரு நாள் கருப்பு, ஒரு நாள் நீலமும் மஞ்சளும்.

மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், அவனுக்குப் பிடிக்கும். பிரித்தபோது நார்ஃபோக் சதர்னுக்குப் பெரும்பாலும் பழைய பென்சில்வேனியா பாதைகள் கிடைத்தன, சிஎஸ்எக்ஸுக்குப் பெரும்பாலும் பழைய நியூயார்க் சென்ட்ரல் பாதைகள். அந்தந்தப் பங்குக்குப் போன எஞ்சின்களையும் வேகன்களையும் பதிவுசெய்ய இரண்டு குறியீடுகள் வேண்டியிருந்தன. பழைய குறியீடுகளையே திரும்ப எடுத்தார்கள். 1968இல் அழித்துவிட்டு ஒன்றாக்கிய ‘பிஆர்ஆர்’ (பென்சில்வேனியா ரயில்ரோடு), ‘என்ஒய்சி’ (நியூயார்க் சென்ட்ரல்) என்ற அதே எழுத்துகள், முப்பத்தொரு வருடம் கழித்துக் கான்ரெயிலின் நீல எஞ்சின்கள் சிலவற்றின் பக்கவாட்டில் மறுபடி ஏறின.