சைக்கிள் ஓட்டும்போது முன்தொடை மட்டும் எரிகிறது. பிட்டத் தசையையும் வேலை செய்ய வைப்பது எப்படி?

இதே கேள்வியோடு நான் இரண்டு ஆண்டுகள் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். மேடு வந்தால் போதும், முட்டிக்கு மேலே தொடை எரியத் தொடங்கிவிடும். மூச்சு வாங்குவதற்கு முன்பே கால் ஓய்ந்துவிடும். உடம்பிலேயே மிகப் பெரிய தசையான பிட்டத் தசை சீட்டின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். "பிட்டத்தை இறுக்கிக்கொண்டு மிதி" என்றார் ஒருவர். "மேலே வரும் பெடலை இழு" என்றார் இன்னொருவர். இரண்டையும் மாதக்கணக்கில் செய்து பார்த்தேன். முட்டியின் முன்பக்கத்தில் வலி சேர்ந்ததுதான் மிச்சம்.

ஏன் பலிக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கிறீர்கள் என்றால் ஒரு சுற்றுக்கு முக்கால் விநாடிதான். அதில் ஒரு கால் கீழே அழுத்தும் நேரம் அரை விநாடிகூட இல்லை. அதற்குள் "இப்போது பிட்டம், இப்போது பின்தொடை" என்று எந்த மனிதனாலும் கட்டளையிட முடியாது. நாம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் உடம்பு தசைகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே நாம் மாற்ற வேண்டியது உட்காரும் விதத்தைத்தான்.

சைக்கிளின் வலப்பக்கம் நின்று பெடல் சுற்றுவதைக் கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். 12 மணியிலிருந்து 5 மணி வரைதான் உண்மையான உழைப்பு. 3 மணியை ஒட்டி அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் இரண்டு மூட்டுகள் ஒன்றாக நிமிர்கின்றன. முட்டியை நிமிர்த்துவது முன்தொடைத் தசை. இடுப்பு மூட்டை நிமிர்த்துவது பிட்டத் தசை. பின்தொடைத் தசையும் அதற்குத் துணை நின்று, பெடல் அடியைக் கடக்கும்வரை வேலையைத் தொடர்கிறது. கெண்டைச்சதை பெரிதாக எதையும் தள்ளுவதில்லை. மேலிருந்து வரும் விசை கணுக்காலில் சிதறாமல் பெடலுக்குப் போய்ச் சேரும்படி பாதத்தைப் பிடித்து நிறுத்துகிறது. முன்தொடை எரிவது தவறு என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் ஓட்டுவதில் அதற்குப் பெரும் பங்கு எப்போதும் உண்டு. அது தனியாகச் சுமப்பதுதான் தவறு.

முதலில் சீட்டின் உயரத்தைப் பாருங்கள். என் சீட் தாழ்வாக இருந்தது. இரண்டு பாதமும் தரையில் முழுவதும் பதிய வேண்டும் என்று நானே இறக்கி வைத்திருந்தேன். தாழ்ந்த சீட்டில் முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது, கால் ஒருபோதும் நீள்வதில்லை, பாரமெல்லாம் முன்தொடையிலும் முட்டிச்சில்லிலும் இறங்குகிறது. சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடலை அடிக்குக் கொண்டுவாருங்கள். கால் நேராக நிற்க வேண்டும், ஆனால் இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை, அதாவது விரல்களுக்குப் பின்னால் உள்ள திரண்ட மேட்டை, பெடலில் வைத்தால் முட்டியில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு தானாக வரும். ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். அரை சென்டிமீட்டர் ஏற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி பாருங்கள். முட்டிக்குப் பின்னால் வலித்தாலோ, ஓட்டும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ உயரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சீட் மிக முன்னால் தள்ளி இருந்தாலும் சுமை முன்தொடைக்கே போகும், அதையும் கவனியுங்கள்.

உயரத்தைச் சரிசெய்த பிறகு எனக்கு முட்டி வலி குறைந்தது. பிட்டம் மட்டும் அப்போதும் விழிக்கவில்லை. காரணம் என் முதுகு. கைப்பிடியை எட்டுவதற்காக நான் முதுகைக் கூன்போட்டு வளைத்திருந்தேன். இடுப்பெலும்பு பின்னோக்கிச் சாய்ந்து கிடந்தது. அந்த நிலையில் பிட்டத் தசை போதிய அளவு நீள்வதில்லை. சற்று நீண்டு நிற்கும் தசைதான் வலுவாகச் சுருங்கும். ஆகவே முன்னால் குனிவது முதுகிலிருந்து நடக்கக் கூடாது, இடுப்பு மூட்டிலிருந்து நடக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியே இதைப் பழகலாம். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோம் அல்லவா, அதே அசைவுதான்: முட்டி லேசாக மடிந்திருக்க, முதுகு நீண்டிருக்க, பிட்டம் பின்னால் போகிறது. அதே மடிப்போடு சீட்டில் உட்காருங்கள், கைமுட்டிகளைத் தளர்த்துங்கள். முதல் சுற்றிலேயே வேறுபாடு தெரியும். அப்படிச் சாயும்போது அடிப்பகுதி சீட்டின் மூக்கில் அழுந்தி வலித்தால், மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, அல்லது கைப்பிடி உங்களுக்கு மிகத் தாழ்வாகவோ தொலைவாகவோ இருக்கிறது. பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள், மாற்றுங்கள்.

பெடலை மேலே இழுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. தேர்ந்த பந்தய வீரர்கள்கூடச் சீராக ஓட்டும்போது மேலே பெரிதாக இழுப்பதில்லை. ஏறும் காலின் பாரம் பெடலில் கிடந்து அழுத்தாமல் இருந்தால் போதும். அழுத்தும் காலுக்கு அதுவே பெரிய உதவி. நான் மெனக்கெட்டு இழுத்த நாட்களில் தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் பிடிப்பு வந்தது, வேகம் வரவில்லை.

கியரைப் பற்றி ஒரு சொல். கனமான கியரில் மெதுவாக மிதித்தால் ஒவ்வொரு அழுத்தமும் முட்டியைச் சோதிக்கும். புதிய நிலை பழகும்வரை லேசான கியரில், 80 சுற்றை ஒட்டி ஓட்டுங்கள்.

நாள் முழுக்க நாற்காலியில் வேலை செய்பவர் என்றால், மல்லாந்து படுத்து, முட்டி மடக்கி, இடுப்பை மேலே தூக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். பழகியபின் ஒற்றைக் காலில். பிட்டம் இறுகுவது எப்படி இருக்கும் என்பதையே நான் அதில்தான் கண்டுகொண்டேன். முட்டி வீங்கினாலோ இரவிலும் வலித்தாலோ சீட்டைத் திருகிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரியாக வருகிறதா என்று பார்க்க, மிதமான ஒரு மேட்டில் சீட்டை விட்டு எழாமல், சற்றுப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்து ஏறுங்கள். மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போது அலுப்பு எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். எனக்கு அது முட்டிக்கு மேலிருந்து பிட்டத்துக்கு இடம் மாற ஏறத்தாழ ஆறு வாரம் ஆனது.