பொன்னிறச் சின்னம் இல்லாத பாஸ்போர்ட் செல்லுமா?

வணக்கம். தம்பிக்கு வந்த புதிய இந்திய பாஸ்போர்ட்டின் அட்டையில் பொன்னிறச் சின்னம் இருக்கிறது, 2030 மார்ச் வரை உள்ள உங்களுடையதில் இல்லை, இனி செல்லாதோ என்று கேட்டிருந்தீர்கள். காலாவதி தேதி வரை தாராளமாகச் செல்லும். இதற்காக இப்போதே 1,500 ரூபாய் கட்டி மாற்றாதீர்கள்.

அந்தச் சின்னம் இ-பாஸ்போர்ட்டின் அடையாளம். உள்ளே சிப்பும் ஆன்டெனாவும் இருக்கும். படம், பெயர், பிறந்த தேதி எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு பதிவாகியிருப்பதால், ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனையில் தெரிந்துவிடும். பக்கத்தில் ரீடரை (சிப்பைப் படிக்கும் கருவியை) நீட்டி யாரும் இந்த விவரங்களைத் திருட முடியாது. படப் பக்கத்தின் அடியில் உள்ள, வரிக்கு 44 எழுத்து கொண்ட இரண்டு வரிகளிலிருந்து பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றையும் எடுத்துக் கொடுத்தால்தான் சிப் திறக்கும்.

தம்பியிடம் சொல்லுங்கள்: ஸ்டேப்ளர் அடிக்கக் கூடாது, வளைக்கக் கூடாது. ஆன்டெனா அறுந்தால் சிப்பைப் படிக்க முடியாது. பின்பாக்கெட்டில் வைத்து உட்காருவதுதான் மிக மோசம்.

பல நாடுகள் 6 மாத செல்லுபடி கேட்கும், ஆகவே 2029 ஏப்ரல், மே வாக்கில் விண்ணப்பியுங்கள். புதியதில் பாஸ்போர்ட் எண் மாறும். பழையதில் நடப்பு விசா இருந்தால், ரத்து செய்த அந்தப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விசாவுக்கு இரண்டையும் சேர்த்துக் காட்டினால் போதும்.